ரூவோவின் கோமாளிகளும் நீதிபதிகளும்

மனிதன் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவன் என்பதையும் அவன் வீழ்ந்தவன் என்பதையும் விவிலியத்தின் தொடக்கநூல் தன் முதல் மூன்று அதிகாரங்களுக்குள்ளேயே சொல்லி முடித்துவிடுகிறது. இறையியலாளர்கள் இவ்விரு கூற்றுகளையும் அடுத்தடுத்த பத்திகளில் வைத்து, ஒன்று மற்றொன்றை ஏன் அழித்துவிடுவதில்லை என்று விளக்க முடியும். ஓவியனுக்கு அந்த வசதி கிடையாது. அவன் வரைவது ஒரே முகம். சாயலும் வீழ்ச்சியும் அந்த ஒரு முகத்திலேயே தென்பட்டாக வேண்டும். ஐரோப்பியச் சமய ஓவியம் இந்த இக்கட்டை நெடுங்காலம் ஒரு பங்கீட்டினால் சமாளித்து வந்தது: மீட்பர், அன்னை மரியா, புனிதர் ஆகியோருக்கு அழகும் ஒழுங்கும் கொடுக்கப்பட்டன, யூதாசுக்கும் கசையால் அடித்த சேவகர்களுக்கும் வளைந்த மூக்கும் பிதுங்கிய விழியும் ஒதுக்கப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தீவிர கத்தோலிக்கரான ஜார்ஜ் ரூவோ என்னும் பிரெஞ்சு ஓவியர் இந்தப் பங்கீட்டை ஏற்க மறுத்து, எல்லா முகங்களையும் ஒரே கொடூரமான கோட்டினால் வரையத் தொடங்கினார். மனிதனை இவ்வளவு கோரமாக வரைவது அவனை இழிவுபடுத்துவதாகுமா, அவன்மீது இரக்கம் கொள்வதாகுமா என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. அதை எழுப்பியவர்களில் முதன்மையானவர் அவருடைய நெருங்கிய நண்பரே.

ரூவோ 1871 மே 27ஆம் நாள், பாரிஸ் கம்யூன் எழுச்சி இரத்தத்தில் அடக்கப்பட்ட அந்த வாரத்தில், தொழிலாளர் குடியிருப்பான பெல்வில் பகுதியில், பீரங்கிக் குண்டுகளுக்கு அஞ்சிக் குடும்பத்தார் ஒதுங்கியிருந்த நிலவறை ஒன்றில் பிறந்தார். தந்தை மரவேலைக் கைவினைஞர். பதினான்காம் வயதில் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் செய்யும் பட்டறையொன்றில் தொழில் பயிலச் சேர்ந்த ரூவோ, பழுதுபார்ப்பதற்காக அங்கே வந்த இடைக்காலத் தேவாலயச் சாளரங்களைக் கையில் தொட்டுப் பார்த்து வளர்ந்தார். பின்னர் அரசு நுண்கலைப் பள்ளியில் சேர்ந்து, 1892 முதல் குஸ்தாவ் மொரோ என்ற ஆசிரியரிடம் பயின்றார். ஆன்றி மாத்தீஸ் அங்கே அவருடன் படித்தவர். ரோம் நகரில் தங்கிக் கற்க அரசு வழங்கிய பரிசுக்கு இருமுறை முயன்று தோற்றபின், மொரோவே அவரைப் பள்ளியைவிட்டு வெளியேறச் சொன்னார். 1898இல் மொரோ இறந்தது ரூவோவுக்குத் தந்தையை இழந்ததற்கு ஒப்பான அடியாக இருந்தது. ஆசிரியரின் வீடு அருங்காட்சியகமாக மாற்றப்பட்டபோது அதன் காப்பாளராக அவர் அமர்த்தப்பட்டார். சொற்பச் சம்பளம், ஆனால் நிலையானது.

அவருடைய படங்களில் உருவங்களைச் சூழ்ந்திருக்கும் தடித்த கறுப்புக் கோட்டினை, கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டையின் நினைவாகக் கொள்வது திறனாய்வாளர்களிடையே வழக்கமாகிவிட்டது. இது பாதி உண்மைதான். ஈயப் பட்டையைப் போல வண்ணங்களை அறை அறையாக அடைக்கும் கோடு அவருடைய பிற்காலப் படங்களுக்கு உரியது; 1903 முதல் 1908 வரையிலான நீர்வண்ணப் படங்களில் உள்ள கோடு எதையும் அடைப்பதில்லை, அது சவுக்கடி போல விழுந்து, உருவத்தின் எல்லையைத் தாண்டி ஓடி, தசையைக் கிழித்துவிட்டுப் போகிறது. ஒரு கைவினைஞனின் நினைவு அந்தக் கோட்டினை விளக்கப் போதாது; அதற்குப் பின்னால் ஒரு சினம் இருக்கிறது.

அந்தச் சினம் எங்கிருந்து வந்தது என்பதை அவருடைய முப்பதாம் வயதைச் சுற்றிய ஆண்டுகளில் தேட வேண்டும். 1901இல் அவர் லிகுழே என்ற ஊரின் பெனடிக்ட் சபைத் துறவு மடத்தை ஒட்டி, எழுத்தாளர் உய்ஸ்மான்ஸ் உருவாக்க முயன்ற கிறிஸ்தவக் கலைஞர்களின் சிறு குடியிருப்பில் சில காலம் தங்கினார். அதே ஆண்டு வந்த சங்கங்கள் சட்டம் துறவியரை நாட்டைவிட்டு வெளியேறச் செய்ததால் அம்முயற்சி கலைந்தது. மடத்தின் அமைதியில் கனிந்த சமய ஓவியராக அவர் திரும்பியிருக்கலாம். மாறாக, பாரிசுக்கு வந்ததும் சர்க்கஸ் கூடாரங்களையும் விலைமகளிர் இல்லங்களையும், சற்றுப் பின்னர் நீதிமன்றங்களையும் வரையத் தொடங்கினார். பக்தி அவரைக் கோயிலிலிருந்து தெருவுக்குத் தள்ளியது என்பதுதான் நடந்தது.

லெயோன் புளுவா என்ற நாவலாசிரியரின் நட்பு இக்காலத்தில் கிடைத்தது. வறுமையைக் கடவுளின் அருகாமையாகப் போற்றியவரும், வசதி படைத்த கத்தோலிக்கரின் போலிப் பக்தியை ஈவிரக்கமின்றித் தாக்கியவருமான புளுவாவின் எழுத்து ரூவோவை உலுக்கியது. புளுவா 1897இல் வெளியிட்ட 'ஏழைப்பெண்' நாவலில் பூலோ தம்பதியர் என்ற அற்பத்தனமான இருவர் வருகிறார்கள்; அவர்களை ரூவோ 1905இல் வரைந்தார். அவ்வாண்டின் இலையுதிர்காலக் கண்காட்சியில், அதாவது மாத்தீசும் நண்பர்களும் 'காட்டு விலங்குகள்' என்ற பட்டப்பெயரைப் பெற்ற அதே கண்காட்சியில், ரூவோவின் படங்களைக் கண்ட புளுவா அதிர்ந்துபோனார். தன் எழுத்தில் கண்டு கொதித்ததையே இந்த இளைஞன் வண்ணத்தில் கொண்டுவந்திருக்கிறான் என்று அவருக்குத் தோன்றவில்லை. விகாரத்தின் மீதே மயக்கம் கொண்டுவிட்டான் என்று தோன்றியது. பின்னர் 1907இல் எழுதிய கடிதத்தில் அவர் இக்குற்றச்சாட்டை இன்னும் கூர்மையாக்கி, உண்மையில் செபிக்கிற மனிதன் ஒருவனால் இத்தகைய படங்களை வரைய முடியாது என்ற பொருள்பட எழுதினார். ரூவோ இதற்கெல்லாம் வாதாடியதில்லை. புளுவாவின் வீட்டுக்குத் தொடர்ந்து சென்று, வசவுகளைப் பேசாமல் கேட்டுக்கொண்டு, 1917இல் புளுவா இறக்கும்வரை நண்பராகவே இருந்தார். வரைவதை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

புளுவாவின் குற்றச்சாட்டை எளிதாகத் தள்ளிவிட முடியாது. செபம் மனிதனின் பார்வையைத் தூய்மையாக்கும் என்றால், செபிப்பவன் பிறரிடம் காண வேண்டியது மீட்கப்பட்ட முகத்தை அல்லவா என்று அவர் கேட்கிறார். இதற்கு ஏட்டறிவு சார்ந்த விடை ஒன்று உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், அழகுக்கு முழுமை, இசைவு, ஒளிர்வு என்ற மூன்று பண்புகளைக் கூறியபின், அருவருப்பான பொருளையும் ஒரு படம் நிறைவாகக் காட்டினால் அந்தப் படம் அழகானதே என்று குறிப்பிடுகிறார். வெர்சாய் நகரில் ரூவோவின் அண்டை வீட்டாரும் நண்பருமான மெய்யியலாளர் ழாக் மாரித்தேன், 1920இல் வெளியான 'கலையும் ஸ்கொலாஸ்திக மெய்யியலும்' என்ற நூலில் இக்கருத்தை நவீன ஓவியத்துக்குப் பொருத்தி விரித்தார். ஸ்கொலாஸ்திகம் என்பது இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்த, அரிஸ்டாட்டிலின் தருக்கத்தைக் கிறிஸ்தவ நம்பிக்கையுடன் இணைத்த சிந்தனை முறை. மாரித்தேனின் வாதத்தின்படி, அழகு படைப்பைச் சார்ந்தது, படைப்பு காட்டும் பொருளைச் சார்ந்ததன்று. வாதம் பிழையற்றது, ஆயினும் அது புளுவாவின் கேள்விக்குப் பக்கவாட்டில் நின்று விடை சொல்கிறது. படம் அழகாகிவிட்டது என்பதால் படத்திலுள்ள பெண்ணுக்கு என்ன கிடைத்தது? கலை தப்பித்துக்கொள்கிறது, மனிதமுகம் பழைய இடத்திலேயே நிற்கிறது. உண்மையான விடையை ரூவோவின் கோமாளிகளில்தான் தேட வேண்டியிருக்கிறது.

1905ஐ ஒட்டி எழுதிய கடிதமொன்றில் அவர் தம் பார்வை திறந்த தருணத்தைப் பதிவு செய்திருக்கிறார். சாலையோரத்தில் நாடோடிகளின் வண்டி ஒன்று நின்றிருக்கிறது. மெலிந்த குதிரை புல் மேய்கிறது. வண்டியின் மூலையில் கிழட்டுக் கோமாளி ஒருவன் அமர்ந்து, மின்னும் தன் ஜிகினா உடையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருக்கிறான். பிறரைச் சிரிக்க வைப்பதற்கென்றே செய்யப்பட்ட அந்தப் பளபளப்புக்கும், அதை அணியும் வாழ்க்கையின் எல்லையற்ற துயரத்துக்கும் இடையே உள்ள முரணைக் கண்டதோடு ரூவோ நின்றுவிடவில்லை. அந்தக் கோமாளி தானேதான் என்றும், ஏறத்தாழ நாம் எல்லோருமேதான் என்றும், ஜிகினா உடையை வாழ்க்கை எல்லோருக்கும் ஏதோ ஒரு வடிவில் உடுத்திவிடுகிறது என்றும் எழுதுகிறார். எதிரே நிற்பவன் அரசனானாலும் பேரரசனானாலும் அவனுக்கு அந்த உடையை விட்டுவைக்காமல் ஆன்மாவைப் பார்க்க விரும்புவது தம் குற்றமாக இருக்கலாம் என்றும், உலகத்தால் மிகுதியாகப் புகழப்பட்டவனைக் காணும்போது அவன் ஆன்மாவைக் குறித்துத் தமக்கு மிகுதியான அச்சம் உண்டாகிறது என்றும் சொல்கிறார்.

இக்கடிதத்தை 'உலகமே நாடக மேடை' என்ற தேய்ந்த கருத்தின் மறுபதிப்பாக வாசிப்பது தவறு. நாடக மேடை என்ற உருவகத்தில் பார்வையாளன் என்ற பாதுகாப்பான இருக்கை ஒன்று எஞ்சியிருக்கும். ரூவோவின் கடிதத்தில் அந்த இருக்கை அகற்றப்பட்டுவிடுகிறது. மேலும், கோமாளி மேடையில் இருக்கும்போது அவர் அவனைக் காணவில்லை, உடை கையில் இருக்கும்போது, யாரும் பார்க்காத வேளையில் காண்கிறார். அதனால்தான் அவருடைய கோமாளிகள் ஏறக்குறைய ஒருவரும் வித்தை காட்டுவதில்லை. பந்தில்லை, கழைக்கயிறு இல்லை, சிரிக்கும் கூட்டமில்லை. 1904இல் வரைந்த 'துயரக் கோமாளியின் தலை' போன்ற படங்களில் ஒப்பனை கலைந்து வழியும் முகம் மட்டும் சட்டத்தை நிறைக்கிறது. வறியவன் பணக்காரனைவிட நல்லவன் என்பது இதன் பொருளன்று. கோமாளியின் உடை மலிவானது, தையல் விட்டுப்போனது, ஆகவே அதன் ஊடாகப் பார்ப்பது எளிது. அரசனின் உடை அழுத்தமானது. வேறுபாடு துணியின் தரத்தில் மட்டுமே. 1916இல் தொடங்கி 1936இல் முடித்த, இன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர் கார்னெகி அருங்காட்சியகத்தில் உள்ள 'முதிய அரசன்' இதற்குச் சான்று: முடியும் கழுத்தணியும் அடர்ந்த சிவப்பும் எல்லாம் இருந்தும், பக்கவாட்டில் திரும்பிய அந்த முகம் ஓய்வெடுக்கும் கோமாளியின் முகத்துக்கு உடன்பிறப்பு.

நீதிபதிகள் இன்னும் கடினமான சோதனை. ஏறத்தாழ 1907 முதல், அரசு வழக்குரைஞராக இருந்த நண்பர் ஒருவர் மூலம் ரூவோ பாரிஸ் நீதிமன்ற விசாரணைகளைப் பார்க்கச் சென்றார். விளைந்த படங்களில், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலுள்ள 1913ஆம் ஆண்டின் 'மூன்று நீதிபதிகள்' உட்பட, சிவப்பு அங்கியும் கறுப்புத் தொப்பியும் அணிந்த கனத்த முகங்கள் பன்றியின் சதையைப் போல வீங்கி நிற்கின்றன. பிரெஞ்சுக் கலையில் இதற்கு முன்னோடி உண்டு: ஒனோரே தோமியே 1840களில் வழக்கறிஞர்களையும் நீதிபதிகளையும் கேலி செய்து கல்லச்சுப் படங்களின் தொடரொன்றையே வெளியிட்டவர், ரூவோவின் தாய்வழிப் பாட்டனார் அவருடைய படங்களை விரும்பிச் சேர்த்தவர். ஆயினும் இருவருக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. கேலிச்சித்திரம் தன் வாசகனோடு ஓர் உடன்படிக்கை செய்துகொள்கிறது: நாமிருவரும் வெளியே நின்று, உள்ளே இருக்கும் இந்த மூடனைப் பார்ப்போம் என்பது அது. ரூவோவின் நீதிபதியைப் பார்த்து யாராலும் சிரிக்க முடியாது. அவரே பின்னாளில் விளக்கியபடி, தம் நீதிபதிகள் அவ்வளவு அலங்கோலமாக அமைந்ததற்குக் காரணம், ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குத் தீர்ப்பு வழங்குவதைக் கண்டபோது தமக்கு ஏற்பட்ட வேதனையே. உலகத்துச் செல்வம் முழுவதையும் கொடுத்தாலும் அந்த ஆசனத்தில் தாம் அமரமாட்டார் என்றும் கூறியிருக்கிறார். சில நீதிமன்றப் படங்களில் நீதிபதியின் தலையும் குற்றவாளியின் தலையும் குழப்பிக்கொள்ளும் அளவுக்கு ஒத்திருக்கின்றன.

இங்கே ஒரு முரண் எழுகிறது. தீர்ப்பளிப்பதைக் கண்டு அஞ்சும் ஓவியன், நீதிபதியை விகாரமாக வரையும்போது நீதிபதிக்கே தீர்ப்பளித்துவிடுகிறானே? ஆரம்பகாலப் படங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு ரூவோவிடம் நேர்மையான விடை இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். சினம் அவற்றில் இரக்கத்தை மிஞ்சி நிற்கிறது. விடை 'மிசெரேரே' என்ற செப்புத்தகட்டு அச்சுப்படத் தொடரில், பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து உருவாகிறது.

இலத்தீன் மொழியில் 'இரங்கும்' என்று பொருள்படும் மிசெரேரே, தாவீது அரசன் தன் பாவத்தை அறிக்கையிடும் 51ஆம் திருப்பாடலின் தொடக்கச் சொல். கத்தோலிக்கர் அதனைத் தவக்காலத்திலும் இறந்தோர் சடங்கிலும் பாடி வந்தனர். 1912இல் தந்தை இறந்தபின் ரூவோ மையில் வரையத் தொடங்கிய உருவங்கள், 1914இல் போர் மூண்டதும் 'இரக்கமும் போரும்' என்ற பெருந்திட்டமாக விரிந்தன. ஓவிய வணிகரும் பதிப்பாளருமான அம்புருவாஸ் வொல்லார் அவற்றை நூலாக்க முன்வந்தார். ஒளிப்பட முறையால் படங்கள் செப்புத் தகடுகளுக்கு மாற்றப்பட்டபின், அந்த இயந்திரப் பதிவில் நிறைவடையாத ரூவோ உளி, ஊசி, சுரண்டி, அமிலம் என்று கைக்குக் கிடைத்த கருவிகளை எல்லாம் கொண்டு ஒவ்வொரு தகட்டையும் திரும்பத் திரும்பத் திருத்தினார். நூறு படங்களாகத் திட்டமிடப்பட்டது 58இல் நின்றது. அச்சுவேலை 1927இல் முடிந்தும், வொல்லாரின் தயக்கங்களாலும் 1939இல் அவர் விபத்தில் இறந்ததாலும் அடுத்த போராலும், தொடர் 1948இல்தான் வெளிவந்தது. இரு போர்களுக்கும் பொதுவான நூலாக அது மாறியது இந்தத் தாமதத்தால்தான்.

தொடரின் 6, 7, 8ஆம் படங்களுக்கு ரூவோ எழுதிய தலைப்புகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். நாம் தண்டனைக் கைதிகள்தாமே என்று முதலாவது கேட்கிறது. நம்மை அரசர்களென்று எண்ணிக்கொண்டு என்று இரண்டாவது தொடர்கிறது. முகத்துக்கு ஒப்பனை இடாதவர் யார் என்று மூன்றாவது, கோமாளியின் முகத்தின் கீழ், வினவுகிறது. மூன்று படங்களிலும் பேசுவது தன்மைப் பன்மை அல்லது அதன் நிழல். குற்றம் சாட்டும் விரல் இல்லை. வரைந்தவனும் வரிசையில் நிற்கிறான். தாவீதின் பாடல் ஓர் அரசன் தானே குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்று பாடியது என்பதை நினைவுகொண்டால், ரூவோ அந்தத் தலைப்பைத் தேர்ந்ததன் காரணம் விளங்கும். பிறரின் வேடத்தைக் களையும் உரிமை, தன் வேடத்தையும் களைந்து வைப்பவனுக்கே உண்டு என்ற நிலைக்கு அவர் வந்து சேர்ந்திருக்கிறார்.

நீதிமன்றமும் இத்தொடரில் திரும்பி வருகிறது, 18 முதல் 20 வரையான படங்களில், ஒரே வாக்கியத்தின் மூன்று துண்டுகளாக. தண்டனை பெற்றவன் சென்றுவிட்டான் என்று ஒரு படம். அவனுடைய வழக்கறிஞர் வெற்றுச் சொற்களில் அவன் அறியாமையை முழங்குகிறார் என்று அடுத்தது. அங்கே மறக்கப்பட்டுக் கிடக்கும் சிலுவை இயேசுவின் கீழ் என்று மூன்றாவது. பிரான்சின் நீதிமன்றச் சுவர்களில் நீதிபதியின் தலைக்கு மேல் சிலுவை தொங்குவது பழைய வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசு மதச்சார்பின்மையை வலியுறுத்தியபோது, அவை அகற்றப்பட்டன. பல கத்தோலிக்கர் அதைத் தங்கள் நம்பிக்கைமீது நடந்த தாக்குதலாகக் கண்டு கொதித்தனர். ரூவோவின் கவலை வேறு: சிலுவை சுவரில் இருந்த காலத்திலேயே அது மறக்கப்பட்டிருந்தது. முறையான விசாரணை நடத்தி, முறையான தீர்ப்பின்படி கொல்லப்பட்டவர் ஒருவரின் உருவம் தலைக்கு மேலே இருக்க, அதன் கீழ் அமர்ந்து தண்டனை எழுதும் முரணை எவரும் உணரவில்லை என்பதே அவருடைய குற்றச்சாட்டு. அரசியல் சார்பின்படி இதை வலதுசாரியிலும் இடதுசாரியிலும் அடக்க முடியாது.

கிறிஸ்துவின் முகத்துக்கு வரும்போது ரூவோவின் துணிவு முழுமையாகத் தெரிகிறது. 1905இல் அவர் வரைந்த கிறிஸ்துவின் தலையில், கோமாளிகளையும் விலைமகளிரையும் கிழித்த அதே சவுக்கடிக் கோடுகள் விழுந்திருக்கின்றன; கோடுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் யார் மீட்பர், யார் மீட்கப்பட வேண்டியவர் என்று பிரித்துச் சொல்ல இயலாது. இதன் பின்னால் கிறிஸ்தவத்தின் மையக் கொள்கைகளில் ஒன்று நிற்கிறது. கடவுள் தம்மை வெறுமையாக்கி அடிமையின் வடிவை ஏற்றார் என்று பவுல் அடிகள் பிலிப்பியருக்கு எழுதிய கடிதம் கூறுகிறது. 'கெனோசிஸ்' என்று கிரேக்கத்தில் வழங்கும் இக்கருத்தை, அவதாரம் என்பது மனித உடலை அலங்கார ஆடைபோல் உடுத்திக்கொள்வதாகாது, மனித நிலையின் அடிமட்டம் வரை இறங்குவது என்று விளக்கலாம். இறையியலில் இதனை மறுப்போர் இல்லை. ஆனால் தேவாலயச் சுவர்களில் தொங்கிய படங்கள் நூற்றாண்டுகளாக இதனைச் சத்தமின்றி மறுத்து வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பக்திப் படங்களில், தமிழ்நாட்டுக் கத்தோலிக்க வீடுகளிலும் இன்றுவரை தொங்கும் அச்சுப்படங்களில், கிறிஸ்து இரத்தம் சிந்தும்போதும் தலைமுடி கலையாதவராகவே இருக்கிறார். ரூவோ வெறுமையாக்கலை அதன் சொற்பொருளிலேயே எடுத்துக்கொண்டார். கடவுள் ஏற்றது கோமாளியின் நிலை என்றால், கோமாளியின் முகத்தில் காணாமற்போனதாகத் தோன்றிய சாயலைத் தேட வேறெங்கும் போகத் தேவையில்லை. சாயல் இறங்கி வந்து அங்கேயே அடிபட்டுக் கிடக்கிறது. புளுவாவுக்கு ரூவோ வாயால் சொல்லாத விடை இதுவே.

இவ்விடையின் செறிவான வடிவம் வெரோணிக்காவின் துணி. சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையில், கல்வாரிக்குச் செல்லும் இயேசுவின் முகத்தை ஒரு பெண் துடைக்க, அத்துணியில் அம்முகம் பதிந்தது என்பது நற்செய்தி நூல்களில் இல்லாத, மரபுவழி வந்த கதை. மிசெரேரே தொடரின் முதற்பகுதி இத்துணியில் பதிந்த முகத்துடன் 33ஆம் படத்தில் முடிகிறது. 'போர்' என்று கருதப்படும் பிற்பகுதியும் அதே முகத்துடன், எசாயா இறைவாக்கினரின் துன்புறும் ஊழியனை நினைவூட்டும் தலைப்போடு, 58ஆம் படத்தில் முடிகிறது. ஓவியன் எவரையும் சிலுவையிலிருந்து இறக்கிவிட முடியாது. வெரோணிக்காவால் ஆனதும் முகத்தைத் துடைத்தது மட்டுமே. ஒரு கைவினைஞனுக்கு எவ்வளவு முடியும் என்ற அளவை ரூவோ தெளிவாக அறிந்திருந்தார் என்பதற்கு, அவர் இந்தப் பெண்ணை இத்தனை முறை வரைந்தது அடையாளம்.

தொடரில் இந்திய வாசகருக்கு வியப்பளிக்கும் படம் ஒன்று உண்டு: நேர்மையாளன் தன்னை வெட்டும் கோடரிக்கும் மணமூட்டும் சந்தன மரம் போன்றவன் என்ற பொருளுள்ள தலைப்பு அதன் கீழ் உள்ளது. வடமொழி நீதிப்பாடல்களில் நன்கு அறியப்பட்ட உவமை இது. வெட்டுபவனுக்கு நிழல் தரும் மரமாக ஔவையின் மூதுரையிலும் இதன் உறவுக்கருத்து வருகிறது. எந்த வழியாகப் பாரிசுக்கு வந்து சேர்ந்ததாயினும், பொறுமை என்ற அறத்தை விளக்க எழுந்த உவமை ரூவோவின் கையில் சற்றுத் திரும்பிவிடுகிறது: நீதிநூல்களில் அது நல்லவன் பின்பற்ற வேண்டிய நடத்தை, மிசெரேரேயில் அது வெட்டுண்டு கிடக்கும் ஓர் உடலின் நிலை.

ரூவோவின் உலகநோக்கை ஜான்சனியம் என்று வகைப்படுத்துவோர் உண்டு. பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில் பரவிப் பின்னர் திருச்சபையால் கண்டிக்கப்பட்ட அக்கொள்கை, மனித இயல்பு அடிமுதல் கெட்டுவிட்டது, இறையருள் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலரையே மீட்கும் என்று போதித்தது. இருளைப் பொறுத்தவரை ஒற்றுமை உண்மைதான். ஆனால் ஜான்சனியம் தேர்ந்தெடுக்கப்பட்டோரையும் கைவிடப்பட்டோரையும் பிரிக்கும் கோடு ஒன்றை இட்டே தீரும். ரூவோவின் கோடு எல்லோரையும் ஒரேயடியாகச் சூழ்கிறது. தனக்குச் சொர்க்கத்தில் முன்பதிவு செய்த இருக்கை உண்டென்று நம்பும் உயர்குடிச் சீமாட்டி ஒருத்தி மிசெரேரேயின் 16ஆம் படத்தில் வருகிறாள். அத்தொடர் முழுவதிலும் கூர்மையான ஏளனம் விழுவது அவள்மீதுதான்.

அவருடைய பார்வையில் குறைகளே இல்லை என்று கூறுவது மிகை. முதலாவது, அவர் மனிதரை வரைந்தாரா, மனித வகைகளை வரைந்தாரா என்ற ஐயம். நீதிபதி, கோமாளி, அரசன், அகதி என்று வகைப்பெயர்களே அவர் படங்களில் மிகுதி. ரெம்பிராண்டின் முதியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாழ்க்கை இருப்பதுபோல் ரூவோவின் கோமாளிகளுக்கு இல்லை. எல்லோரும் ஒன்றே என்ற கொள்கைக்கு அவர் கொடுத்த விலை இது. இரண்டாவது, விலைமகளிர் படங்கள். 1906ஆம் ஆண்டின் 'கண்ணாடிமுன் பெண்' போன்றவற்றில், துளூஸ்-லோத்ரெக் தம் படங்களில் அத்தகைய பெண்களுக்கு அளித்த அன்றாட இயல்போ அலுப்போ பேச்சோ இல்லை. நீலம் பாரித்த சதையாக, பாவத்தின் சான்றாக அவர்கள் நிற்கிறார்கள். கோமாளியிடம் 'இவன் நான்' என்று சொன்ன ஓவியர், இப்பெண்களிடம் அதைச் சொல்லத் தயங்கியிருக்கிறார் என்றே தோன்றுகிறது. மிசெரேரேயின் 14ஆம் படத்தில் இன்பத்தின் பெண் என்று உலகம் அழைக்கும் ஒருத்தி வரும்போது முகம் சாந்தமடைந்திருக்கிறது, சீமாட்டியின் முகத்தைவிட மனிதத்தன்மை மிகுந்திருக்கிறது. ஆனால் அதற்குள் அவ்வகைப் பெண்களை வரைவதே அவரிடம் குறைந்துபோயிருந்தது.

1917 முதல் தம் படைப்புகள் அனைத்தையும் வொல்லாருக்கே விற்க ஒப்பந்தம் செய்திருந்த ரூவோ, வொல்லாரின் மறைவுக்குப்பின் வாரிசுகளின் கையில் சிக்கிய நூற்றுக்கணக்கான முற்றுப்பெறாத படங்களுக்காக வழக்குத் தொடுத்தார். முடிக்கப்படாத படைப்பு அதனைப் படைத்தவனுக்கே உரியது என்று நீதிமன்றம் 1947இல் தீர்ப்பளித்தது. வாழ்நாளெல்லாம் நீதிபதிகளை வரைந்தவருக்கு அவர்களால் கிடைத்த நன்மை இது. திரும்பப் பெற்றவற்றுள் 315 படங்களை, வயது முதிர்ந்த நிலையில் தம்மால் இனி முடிக்க இயலாதென்று 1948 நவம்பரில் சாட்சிகள் முன்னிலையில் உலையில் இட்டு எரித்தார். மனிதருக்குத் தீர்ப்பளிக்க அஞ்சியவர் தம் கைவேலைக்குத் தீர்ப்பளிக்கத் தயங்கவில்லை.

எஞ்சிய ஆண்டுகளின் படங்களில் மஞ்சளும் பச்சையும் ஒளிர்கின்றன. எண்ணெய் வண்ணம் அடுக்கடுக்காக ஏறிக் களிமண்போல் தடிக்கிறது. கோமாளிகள் கண்ணை மூடி அமைதி கொள்கிறார்கள். அந்த அமைதி பல படங்களில் உழைத்துப் பெற்றது, சிலவற்றில் எளிதாக வந்தது. நெடுங்காலம் அவரை ஒதுக்கிவைத்த திருச்சபை அவரிடம் வந்ததும் அப்போதுதான்: ஆல்ப்ஸ் மலையில் பிளாத்தோ தாசி என்னுமிடத்தில் எழுப்பப்பட்டு 1950இல் அர்ச்சிக்கப்பட்ட தேவாலயத்துக்கு, மாத்தீஸ், ஷகால் முதலியோரின் படைப்புகளோடு, ரூவோவின் வரைவுகளிலிருந்து செய்யப்பட்ட கண்ணாடிச் சாளரங்களும் சேர்ந்தன. 1958இல் அவர் இறந்தபோது அரசே இறுதிச்சடங்கை நடத்தியது. ஆனால் அந்தத் தேவாலயத்துப் பீடத்தின்மேல் வைக்கப்பட்டிருந்த, ழெர்மேன் ரிஷியே என்ற பெண் சிற்பி செய்த சிலுவை, அதிலிருந்த கிறிஸ்துவின் உடல் மனித உருவே தெரியாமல் சிதைந்திருப்பதாக எழுந்த எதிர்ப்பின் காரணமாக, 1951இல் ஆயரின் ஆணைப்படி அகற்றப்பட்டது. எசாயாவின் துன்புறும் ஊழியனுக்கு அழகோ அமைப்போ இல்லை என்று அச்சிலையை ஆதரித்தவர்கள் வாதிட்டுப் பார்த்தும் பயனில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகே அது பீடத்துக்குத் திரும்பியது. புளுவா 1907இல் எழுதிய கடிதத்தின் வாதத்தையே ஆணையின் ஆதரவாளர்கள் வேறு சொற்களில் திருப்பிச் சொன்னார்கள், ரூவோவின் சாளரங்கள் அதே கட்டடத்தில் எவ்வித எதிர்ப்புமின்றி இருந்துகொண்டிருந்தபோதே.